சாட்டைக்கு விதி எழுதுவது: டி4-ஐத் தாண்டி என்ன?

கேள்வி – பிப்ரவரி 3

நான் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை ஆட்டம்) ஒருவர், சாட்டைக்காரியாகத்தான் ஆடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். விதிப் புத்தகத்தைப் புரட்டினால் சாட்டைக்கு டி4 (நாலு முகப் பகடை) டேமேஜ், 10 அடி ரீச் (எட்டும் தூரம்), அவ்வளவுதான். ஆயுதத்தைப் பறிப்பது, காலை வாருவது, இழுப்பது, கட்டிப்போடுவது, கண்ணில் அடிப்பது, விட்டத்தில் சுற்றி ஊஞ்சலாடுவது என்று நானே பத்துத் திறன்கள் எழுதிவைத்திருக்கிறேன். இது அதிகமா? பேசாமல் வாளின் கணக்கைக் கொடுத்து, பெயரை மட்டும் சாட்டை என்று மாற்றிவிடலாமா?

பதில் – பிப்ரவரி 4, காலை

பெயரை மட்டும் மாற்றாதீர்கள். அந்த ஆட்டக்காரர் கேட்பது டேமேஜை அல்ல. சாட்டையைக் கையில் எடுப்பவர் யாரும் டேமேஜுக்காக எடுப்பதில்லை.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பில் (2014) சாட்டையின் விலை 2 தங்கக் காசு, எடை 3 பவுண்டு, டேமேஜ் டி4, ஃபினெஸ் (வலிமைக்குப் பதில் சுறுசுறுப்பை வைத்து வீசலாம்), ரீச். ஃபினெஸும் ரீச்சும் சேர்ந்து வரும் ஆயுதம் அந்தப் பட்டியலில் சாட்டை ஒன்றுதான். டி4-இன் சராசரி 2.5, ரேப்பியர் என்ற மெல்லிய வாளின் டி8-க்குச் சராசரி 4.5. ஓர் அடிக்கு 2 புள்ளி குறைகிறது. திருடன் பாத்திரம் என்றால் இந்த 2 கண்ணிலேயே படாது. 5ஆம் நிலையில் ஸ்னீக் அட்டாக் என்ற திருடனின் திறனால் 3டி6 (மூன்று ஆறு முகப் பகடை), அதாவது சராசரியாக 10.5 சேர்ந்துகொள்கிறது.

ஆக எண்ணில் குறை இல்லை. குறை என்னவென்றால், புத்தகத்துச் சாட்டை சாட்டை செய்கிற எதையும் செய்வதில்லை. சுற்றாது, பிடிக்காது, இழுக்காது. கொஞ்சம் நீளமான கத்தி, அவ்வளவே.

பழைய 3.5 பதிப்பில் நிலைமை தலைகீழ். 15 அடி நீளம், காலை வாரலாம், ஆயுதத்தைத் தட்டிவிட +2 உண்டு. ஆனால் தனியாக ஒரு ஃபீட் (சிறப்புத் தேர்ச்சி) செலவழித்தால்தான் ஒழுங்காக வீச முடியும். வீசும்போது பக்கத்தில் இருப்பவனுக்கு உங்களை அடிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். எதிரியின் கவசத்துக்கு +1 இருந்தாலே டேமேஜ் பூஜ்யம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 4, இரவு

இதைக் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். 2014 மான்ஸ்டர் மேனுவலில் (அரக்கர்களின் புத்தகம்) பேலர் என்ற பூதத்தைப் பாருங்கள். அதன் கையிலும் சாட்டைதான். 30 அடி ரீச். அடி விழுந்தால் டிசி 20 வலிமை சேவ் (20 முகப் பகடையில் விழுந்ததோடு வலிமையைக் கூட்டி 20-ஐ எட்ட வேண்டும்), தோற்றால் 25 அடி வரை பூதத்தை நோக்கி இழுக்கப்படுவீர்கள். எங்கள் மேசையில் ஒருமுறை பேலர் வந்தது. யாரும் தீயைக் கண்டு பயப்படவில்லை, அந்த இழுப்பைக் கண்டுதான் பயந்தார்கள். பின்வரிசையில் பாதுகாப்பாக நின்ற மந்திரவாதி ஒரே அடியில் பூதத்தின் காலடியில் கிடந்தார்.

சாட்டைக்கு எப்படி விதி எழுதுவது என்று எழுதியவர்களுக்கே தெரியும். அதை அரக்கனுக்குக் கொடுத்தார்கள், ஆட்டக்காரருக்குக் கொடுக்கவில்லை. முள்சாட்டை மந்திரமும் (தார்ன் விப்) அப்படித்தான். ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) முதல் நிலையிலிருந்தே 30 அடிக்கு அப்பால் இருப்பவரை 10 அடி இழுக்கலாம். அசல் தோல்சாட்டை வைத்திருப்பவர் ஓர் அங்குலம்கூட இழுக்க முடியாது.

பிப்ரவரி 7

உங்கள் பத்துத் திறன்களைப் பற்றி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், என் பட்டியலில் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி, ஆடுபவரிடம் கொடுத்தேன். அவர் முறை வரும்போதெல்லாம் ஒன்பது அட்டையையும் விசிறி மாதிரி விரித்துப் படித்தார். மற்ற மூன்று பேரும் பகடையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, "நான் சும்மா அடிக்கிறேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. என் விதிகள்தான் அவரை அந்த இடத்துக்குத் தள்ளின.

அதற்குப் பிறகு அட்டைகளை நானே மேசையில் பரப்பிப் பார்த்தேன். பறிப்பது, வாருவது, இழுப்பது, கட்டுவது என்ற நாலும் ஒரே செயல். சாட்டை எதையோ சுற்றிக்கொள்கிறது, பிறகு ஒருவர் இழுக்கிறார். எதைச் சுற்றியது என்பதில் மட்டும்தான் வேறுபாடு. அப்படியானால் நாலு திறன் தேவையில்லை, ஒரு நிலை போதும். அதற்குப் 'பிடி' என்று பெயர் வைத்தேன்.

பிப்ரவரி 8

முதல் வடிவம் இதுதான்.

சாட்டை அடி விழுந்தால், டேமேஜுக்குப் பதிலாகப் பிடி போடலாம். எதிரி வலிமை சேவ் போட வேண்டும், டிசி 8 + தேர்ச்சிப் புள்ளி + உங்கள் டெக்ஸ் (சுறுசுறுப்பு) கூட்டெண். தோற்றால் கை, கால், அல்லது கையில் உள்ள பொருள் ஒன்றில் பிடி விழும். பிடி இருக்கும்வரை இருவரும் சாட்டையின் நீளத்தைத் தாண்டி விலக முடியாது. அந்தச் சாட்டையால் வேறு யாரையும் அடிக்கவும் முடியாது. அடுத்த முறையில் ஓர் அட்டாக்கைச் செலவழித்து இழுக்கலாம். வென்றால் எதிரி 5 அடி நகர்வார், அல்லது விழுவார், அல்லது பொருள் கைநழுவும்.

பிப்ரவரி 9

மேலே 'அடி' என்று எழுதிய இடங்களைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. தூரமும் அடி, அறைவதும் அடி. என் மேசையில் ஒருவர் "சாட்டை ரீச் 10 அடி" என்பதைப் பார்த்து, ஒரு முறைக்குப் பத்து அடி அடிக்கலாம் என்று மனம் குளிர்ந்து போனார். தமிழில் விதி எழுதுகிறவர்கள் தூரத்தைக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். 5 அடி ஒரு கட்டம். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

8ஆம் தேதி எழுதிய விதி தவறு. நோக்கம் சரி, கணக்கு தவறு.

3ஆம் நிலைச் சாட்டைக்காரி, டெக்ஸ் 16 (கூட்டெண் +3), தேர்ச்சிப் புள்ளி 2. அட்டாக் +5, பிடியின் டிசி 13. எதிரே காப்ளின் என்ற குட்டி அரக்கன், ஏசி (அடி விழ எட்ட வேண்டிய எண்) 15, வலிமை -1. அடி விழ 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும், 55%. காப்ளின் சேவில் தோற்க 65%. இரண்டையும் பெருக்கினால் 36% கூட முழுசாக வரவில்லை. ஓக்ர் என்ற பெரிய அரக்கனுக்கு எதிரே பார்த்தால் அடி விழ 75%, சேவில் தோற்க 40%, பெருக்கினால் 30%. மூன்று முறை வீசினால் ஒரு முறைதான் சுற்றும். அதுவும் இழுப்பதற்கு முன்பு, வெறுமனே சுற்றுவதற்கே.

இரண்டு வாசல் வைத்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஒரே செயலுக்கு அட்டாக்கும் சேவும் வைக்கும்போது இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். சேவை எடுத்துவிட்டேன். அடி விழுந்தால் பிடி விழும். இழுக்கும்போது மட்டும் இருவரும் வலிமைப் போட்டி போடட்டும், பகடையில் பெரிய எண் எடுத்தவர் வெல்லட்டும்.

பிப்ரவரி 15

நேற்று புதிய வடிவத்தை ஆடிப் பார்த்தோம். நீளமாக எழுதப்போகிறேன்.

குறுகலான மலைப்பாதை, ஒரு பக்கம் பள்ளம். ஓக்ர் ஒன்று கைதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. சாட்டைக்காரி ஓடிப்போய் அதன் மணிக்கட்டில் பிடி போட்டார். மேசையில் ஒரே ஆரவாரம். ஓக்ரின் முறை வந்தது. நான் விதித்தாளைப் பார்த்தேன். பிடி விழுந்தவன் என்ன செய்யலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் நிற்கிற ஓக்ர் என்ன செய்யும்? வலிமை 19. கையில் கயிறு சுற்றியிருக்கிறது, மறுமுனையில் ஒரு சிறிய பெண். இழுக்கத்தானே செய்யும்?

இழுத்தது. போட்டியில் சாட்டைக்காரி 6, ஓக்ர் 17. அவர் ஒரு கட்டம் பள்ளத்தை நோக்கி வந்துவிட்டார். "கைப்பிடியை விட்டுவிடவா?" என்று கேட்டார். விட்டால் சாட்டை போகும், கைதியும் போவார். விடாவிட்டால் அடுத்த இழுப்பில் விளிம்பு. அவர் விடவில்லை. பக்கத்தில் இருந்த போர்வீரர் எழுந்து நின்று, "நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். அதற்கும் விதி இல்லை. அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது) கொடுத்தேன். அடுத்து வில்லாளி ஓக்ரின் முழங்காலைக் குறிவைத்தார். நாலு பேரும் ஒரே கயிற்றில் ஆடினார்கள். இத்தனை வருடத்தில் ஒரு டி4 ஆயுதத்துக்காக ஆட்டக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்ததை நான் பார்த்ததில்லை.

புலிவாலைப் பிடித்த கதை என்பார்களே, அதுதான் சாட்டை. பிடித்தவரும் மாட்டிக்கொள்கிறார். இத்தனை நாள் நான் எழுதியதெல்லாம் ஒரு முனைக்கு மட்டுமான விதிகள். சாட்டை சுற்றிக்கொண்ட அந்த நொடியிலிருந்து அது இரண்டு முனை உள்ள கயிறு. இழுக்கும் உரிமை இரண்டு பக்கத்துக்கும் வேண்டும்.

பிப்ரவரி 16

விதியில் சேர்த்தது: பிடியில் இருக்கும் இருவரில் யார் வேண்டுமானாலும் தன் முறையில் ஓர் அட்டாக்கைக் கொடுத்து இழுக்கலாம். பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் நண்பர், அடுத்தவர் முறையில் செய்யக்கூடிய எதிர்வினையான தன் ரியாக்‌ஷனைக் கொடுத்துச் சேர்ந்து இழுத்தால் அட்வான்டேஜ். கைப்பிடியை எப்போது வேண்டுமானாலும் விடலாம், செலவில்லை. ஆனால் சாட்டை எதிரியோடு போய்விடும்.

பெயர்: புலிவால்.

பிப்ரவரி 22

ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. சாட்டையை விடாமல் பிடியை மட்டும் எடுக்க என்ன செய்ய வேண்டும்? யோசித்துத் தீராமல், 3 மீட்டர் பின்னல் கயிறு ஒன்றை எடுத்து நாற்காலிக் காலில் வீசிப் பார்த்தேன்.

முதல் இருபது வீச்சில் ஒன்றும் சுற்றவில்லை. பிறகு பிடிபட்டது. கயிற்றின் நடுப்பகுதி காலில் பட வேண்டும். அப்போதுதான் நுனி தானாக வேகமெடுத்துச் சுற்றுகிறது. நுனியே பட்டால் தெறித்து விழுகிறது. ஒரு சுற்று விழுந்தால் இழுத்ததும் உருவிக்கொண்டு வருகிறது. இரண்டரைச் சுற்று விழுந்து, நுனி கயிற்றின் அடியில் மாட்டிக்கொண்டால் நாற்காலியே சாய்ந்து வருகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கம்பத்தில் சுற்றிய கயிற்றின் பிடிமானம் சுற்றுக்குச் சுற்று கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்றுக்கு 286 மடங்கு. படகைக் கட்டுகிறவர்கள் முளையில் இரண்டு மூன்று சுற்று போட்டு ஒற்றைக் கையால் நிறுத்துவது இதனால்தான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இழுத்துப் பிடித்திருக்கும்வரை சுற்று அவிழவே இல்லை. எவ்வளவு உதறினாலும் இறுகத்தான் செய்தது. நாற்காலியை நோக்கி ஒரு எட்டு வைத்துக் கயிறு தொய்ந்ததும் இரண்டு குலுக்கலில் கழன்று விழுந்தது.

உடனே விதி கிடைத்துவிட்டது. சாட்டையை இழக்காமல் பிடியை எடுக்க வேண்டுமானால் எதிரியை நோக்கி ஒரு கட்டம் முன்னே போக வேண்டும். வலிமையானவனைப் பிடித்துவிட்டுப் பின்வாங்க நினைத்தால் முதலில் அவனை நெருங்கியாக வேண்டும். மேசையில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்திருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

பிப்ரவரி 22, இரவு

ஊஞ்சல் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதே கணக்கு. ஆள் எடையைத் தாங்க மூன்று சுற்றாவது வேண்டும். 20 செ.மீ. தடிமனுள்ள விட்டத்தின் சுற்றளவு 63 செ.மீ. மூன்று சுற்றுக்கே 1.9 மீட்டர் போய்விடும். 3 மீட்டர் சாட்டையில் மிச்சம் ஒரு மீட்டர்தான், அதில் எங்கே ஊஞ்சலாடுவது? 8 செ.மீ. கிளை என்றால் மூன்று சுற்றுக்கு 75 செ.மீ. போதும். அதனால் என் விதி: கைக்குள் அடங்குகிற தடிமன் இருந்தால் மட்டும் ஊஞ்சல். கோட்டைத் தூணில் முடியாது, கிளையிலும் கொடிக்கம்பத்திலும் விளக்குத் தாங்கியிலும் முடியும். பகடை வேண்டாம். இடம் சரியாக இருந்தால் ஆடட்டும்.

மார்ச் 1

'சடார்' என்ற அந்தச் சத்தத்துக்கு விதி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு. எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

சாட்டையின் சத்தம் தோல் தோலில் பட்டு வருவதில்லை. ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால் எழும் அதிர்வலை அது, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டருக்கு மேல். கைப்பிடியில் தொடங்கும் ஒரு வளைவு சாட்டை வழியாக ஓடுகிறது. சாட்டை போகப்போக மெலிகிறது. அதே ஆற்றல் குறைந்த எடைக்கு வந்துசேர்வதால் வேகம் ஏறுகிறது. 2002-இல் ஆலன் கோரியலியும் டைலர் மெக்மில்லனும் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். நுனி அதைவிட வேகமாகப் போனாலும், சத்தத்துக்குக் காரணம் ஓடிவரும் அந்த வளைவு ஒலிவேகத்தை எட்டுவதுதான் என்பது அவர்கள் முடிவு.

விதிக்கு இதில் என்ன இருக்கிறது? சத்தம் வர நுனி காற்றில் சுதந்திரமாக இருக்க வேண்டும். எதையாவது சுற்றிக்கொண்டால் சத்தம் வராது. அப்படியானால் இரண்டும் வேறு வேறு வீச்சு. பிடி போடுவது ஓசையில்லாத வேலை. இருட்டில் காவலாளியின் ஈட்டியைச் சுற்றலாம், யாருக்கும் கேட்காது. சடார் என்பது ஊரைக் கூட்டும் வேலை. தண்டர்வேவ் மந்திரம் 300 அடி, அதாவது 60 கட்டம் வரை கேட்கும். சடாருக்கும் அதையே வைத்தேன். டேமேஜ் கிடையாது. விலங்குகள் விஸ்டம் சேவ் போட்டுத் தோற்றால் ஒரு கட்டம் பின்வாங்கும். மனிதர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் சாட்டைக்காரி இதைச் சண்டையில் பயன்படுத்தியதே இல்லை. காவலாளிகளைத் தவறான பக்கம் ஓடவைக்க மட்டும் பயன்படுத்துகிறார்.

மார்ச் 2

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சாட்டை வெறும் சாகசப் பொருள் அல்ல. அடிமைகளையும் கைதிகளையும் அடிக்கப் பயன்பட்ட கருவி. சுரங்கத்தில் கங்காணி ஒருவன் சாட்டை வீசும் காட்சியை நான் ஒருமுறை விலாவாரியாக விவரித்துக்கொண்டே போனேன். எதிரே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகுதான் ஏன் என்று சொன்னார். அந்த மாலை என் கவனக்குறைவால் கெட்டது.

இப்போதெல்லாம் சாட்டைப் பாத்திரம் வந்தால் முதல் நாளே மேசையில் எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன். கட்டிப்போட்டவரை அடிப்பது என் விதிகளில் இல்லை. டேமேஜைக் கூட்டாமல் விட்டதற்கும் இது ஒரு காரணம். என் சாட்டை நீண்ட கை. அவ்வளவு போதும்.

மார்ச் 9

விதியை உடைத்துக் காட்டினார்கள். நல்லது.

ஒன்று, மந்திரவாதியின் கையில் பிடி போட்டால் மந்திரம் சொல்ல முடியாது என்று முதலில் தீர்ப்புச் சொன்னேன். மூன்று மாதமாக வளர்த்த வில்லன் ஒரே சுற்றில் செயலற்றுப் போனான். திரும்ப எடுத்துக்கொண்டேன். பிடி மட்டும் எதையும் தடுக்காது, தூரத்தை மட்டும் கட்டும். இழுத்து வென்றால்தான் கைப்பொருள் விழும்.

இரண்டு, 2014 சென்டினல் ஃபீட். அதோடு சாட்டை சேர்ந்தால் இரண்டு கட்டம் தள்ளி ஓடுகிறவனையும் ரியாக்‌ஷனில் அடித்து நிறுத்தலாம். இது சரியா என்று கேட்டார்கள். சரி. ஒரு ஃபீட் முழுசாகச் செலவழித்திருக்கிறார், நிற்கட்டும். பூமிங் பிளேட் மந்திரத்தோடு மட்டும் சேராது. அதன் எல்லை 5 அடி, அதாவது ஒரே கட்டம்தான்.

மூன்று, பெரிய உருவங்கள். உங்களைவிட இரண்டு அளவு பெரியதை இழுக்க முடியாது. ஆனால் பிடி விழும். டிராகன் வாலில் சுற்றிக்கொண்டு கூடவே பறக்க வேண்டுமா? தாராளமாக. புலிவால் என்று பெயர் வைத்ததே அதற்குத்தான்.

2024 பதிப்பில் சாட்டைக்கு 'ஸ்லோ' சேர்த்திருக்கிறார்கள். அடிபட்டவரின் வேகம் 10 அடி, அதாவது இரண்டு கட்டம் குறையும். முன்பைவிட மேல். ஆனாலும் அதே திறன் நீண்ட வில்லுக்கும் (லாங்போ) உண்டு. சாட்டைக்கே உரியது என்று இன்னும் ஒன்றும் இல்லை.

மார்ச் 20

விதிகள் குறைவான ஆட்டங்களில் இதை எப்படிச் செய்வது என்று ஒருவர் கேட்டார். டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் இரண்டு டி6 உருட்டுகிறீர்கள். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை ஒரு விலையோடு நடக்கும். சாட்டைக்கு அந்த விலை எப்போதும் ஒன்றுதான்: பிடி விழுந்துவிட்டது, மறுமுனையில் இருப்பவன் இழுக்கிறான். வேறெதுவும் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 5

சாட்டையை வெட்டுவது பற்றி. சாதாரணக் கயிற்றுக்கு 2014 புத்தகத்தில் 2 எச்பி (அறுவதற்கு முன் தாங்கும் டேமேஜ்). அதையே வைத்தேன், முதல் சண்டையிலேயே சாட்டை இரண்டாகிவிட்டது. ஆடியவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது ஏசி 15, 6 எச்பி. இறுக்கமாக இருக்கும்போது மட்டும்தான் வெட்டலாம். தொய்ந்த தோலில் கத்தி வழுக்கும், அதையும் அந்தப் பின்னல் கயிற்றில் பார்த்துவிட்டேன்.

உயர்நிலைத் திறன் ஒன்று மட்டும் வைத்திருக்கிறேன், 5ஆம் நிலையில். ரீச்சுக்குள் யாராவது விழுந்தால் ரியாக்‌ஷனில் பிடி போடலாம். போன வாரம் பாலம் உடைந்து போர்வீரர் விழுந்தார், மலைப்பாதையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாரே, அவர்தான். சாட்டைக்காரி பகடையை எடுக்கும்போதே, "அவருக்குத் தட்டுக்கவசம், எடை எவ்வளவு?" என்று என்னிடம் கேட்டார். 65 பவுண்டு, கவசம் மட்டும். 14 விழுந்தது. பிடி விழுந்தது. இருவரும் இப்போது விளிம்பில் தொங்குகிறார்கள், அடுத்த முறை இழுப்புப் போட்டியிலிருந்து தொடங்குகிறோம்.

ஏப்ரல் 6

திருத்தம்: விழுகிறவரைப் பிடித்தால் போட்டி வேண்டாம், வலிமைச் சோதனை ஒன்று போதும், டிசி 15. விழுகிறவர் எதிர்த்து இழுக்கப்போவதில்லை. நேற்று இதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.